தலைநகரில் வீடு தேடும் தமிழர்கள்: பள்ளியும் ரயிலும் மட்டும் போதுமா?

நமது நிருபர்

புது தில்லி: பணி மாற்றல் உத்தரவுடன் தலைநகருக்கு வரும் தமிழ்க் குடும்பத்தினர் வீடு பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்பது வழக்கம். அருகில் தமிழ்ப் பள்ளி உண்டா? அலுவலகம் செல்ல பஸ், ரயில் வசதி எப்படி? இருட்டிய பின் பெண்கள் தனியாக வீடு திரும்ப முடியுமா?

இக்கேள்விகளுக்கு விடை தேடித் தமிழர்கள் நெடுங்காலமாகக் குடியேறிய பகுதி கரோல் பாக். அதையொட்டிச் செல்கிறது புசா ரோடு.

புசா என்பது பிகாரில் உள்ள ஊர். 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் சேதமடைந்த அங்கிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1936-இல் தில்லிக்கு மாற்றப்பட்டது. ஊரின் பெயரும் உடன் வந்தது. பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளுக்காக அருகிலேயே ராஜேந்திர நகர் உருவானது. மத்திய அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த தமிழர்கள், கரோல் பாகில் "பர்சாத்தி" எனப்படும் மொட்டைமாடி அறைகளில் வாடகைக்கு அமர்ந்தனர்.

ஏழு பள்ளிகள்

தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் தொடக்கம் 1923. இன்று அதன் பொறுப்பில் உள்ள ஏழு பள்ளிகளில் ஒன்று புசா ரோட்டில் இயங்குகிறது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், ஜனக்புரி ஆகியவை மற்ற இடங்கள். தமிழர்கள் எங்கெங்கு குடியிருந்தார்கள் என்பதற்கு இப்பட்டியலே சான்று.

2005 டிசம்பர் 31-இல் துவாரகா - பாரகம்பா ரோடு இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. புசா ரோட்டுக்கு கரோல் பாக், ராஜேந்திர பிளேஸ் என இரு நிலையங்கள் கிடைத்தன. 2009 நவம்பரில் இத்தடம் மயூர் விஹார் வழியாக நொய்டாவை எட்டியது. ஜனக்புரியிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் வண்டி மாறாமல் புசா ரோடு வந்துவிடலாம் என்றானது. 2010 அக்டோபர் முதல் மெட்ரோவின் முதல் பெட்டி பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. மூன்றாவது கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்தது.

கேட்க மறந்த கேள்வி

ஆனால், ரயில் வசதியே நெரிசலையும் கொண்டுவந்தது. குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், தமிழகத்தவர் உள்பட, பழைய ராஜேந்திர நகரில் ஆயிரக்கணக்கில் தங்கத் தொடங்கினர். வீடுகள் அறைகளாகத் தடுக்கப்பட்டன, அடித்தளங்கள் நூலகங்களாயின.

2024 ஜூலை 27-ஆம் தேதி மாலை பெய்த மழையில், அங்குள்ள பயிற்சி மையம் ஒன்றின் அடித்தள நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து மாணவர் மூவர் உயிரிழந்தனர். பொருள்கள் வைப்பதற்கென அனுமதிக்கப்பட்ட இடம் அது. இரு நாள்கள் கழித்து இச்சம்பவம் மாநிலங்களவையில் குறுகிய கால விவாதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. அதற்கு முன்னர், 2019 பிப்ரவரியில், கரோல் பாக் ஹோட்டல் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் 17 பேர் பலியாயினர்.

பள்ளியும் ரயிலும் அருகில் இருந்தும், கட்டடம் பாதுகாப்பாக இல்லையெனில் பயனில்லை என்பதை இச்சம்பவங்கள் உணர்த்தின.

நரேலாவின் நிலை

இதற்கு நேர்மாறான அனுபவம், ஜங்புராவில் பாராபுலா வடிகாலையொட்டி இருந்த மதராஸி கேம்ப் தமிழர்களுடையது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அக்குடிசைப் பகுதி இடிக்கப்பட்டது. வடிகாலை அடைத்து மழைக்காலத்தில் வெள்ளத்துக்குக் காரணமாகிறது என்பதே அகற்றக் கூறப்பட்ட காரணம். அங்கிருந்த சுமார் 370 குடும்பங்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் மட்டுமே மாற்று வீடு பெறத் தகுதி பெற்றனர்.

அவ்வீடுகள் இருப்பது சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள நரேலாவில். பெண்களில் பலர் ஜங்புரா சுற்றுவட்டார வீடுகளில் வேலை செய்து வந்தவர்கள். பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். நரேலாவில் தமிழ்ப் பள்ளி கிடையாது. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகச் செல்லும் மெட்ரோ தடத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 டிசம்பரில்தான் ஒப்புதல் அளித்தது. உறுதியான சுவர் கிடைத்தது. வேலையும் பள்ளியும் தொலைவாயின.

புசா ரோடு பகுதியில் வீடு பார்ப்பவர்கள் அடித்தளம் எதற்குப் பயன்படுகிறது, மழைநீர் எவ்வழி வடிகிறது, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது படிக்கட்டு உண்டா என்று கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுப்பது நலம். அவர்களுக்காவது கேட்கவும் மறுக்கவும் வாய்ப்பு உண்டு. நரேலாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் சார்பில் பள்ளியையும் பஸ்ஸையும் பற்றிக் கேட்டிருக்க வேண்டியது, வீடு ஒதுக்கிய அரசுதான்.