நிற்கும் உடல் – 7: அடுத்தவர் வலியும் நம் கணுக்காலும்

அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கும்போதும் உடல் அசைந்துகொண்டேதான் இருக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். நம் எடை கணுக்காலுக்குச் சற்று முன்னால் விழுகிறது. முன்னால் சாயும் உடலைக் கெண்டைக்கால் தசை பின்னுக்கு இழுக்கிறது. மறுபடி சாய்கிறது, மறுபடி இழுக்கிறது. கண்ணும் உள்காதும் பாதமும் சொல்வதை வைத்து மூளை இந்தக் கணக்கை ஓயாமல் போடுகிறது. பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் தட்டின் மேல் ஏறி நின்றால், இந்த ஆட்டம் திரையில் குழந்தையின் கிறுக்கலாகத் தெரியும். எதிரே இன்னொருவர் வலியில் துடிக்கும்போது இந்தக் கிறுக்கல் என்ன ஆகிறது?

ஆடம் ஸ்மித் என்றதும் பொருளாதாரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1759ல், கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்தபோது, அவர் வெளியிட்ட முதல் புத்தகம் அறவுணர்வுகளைப் பற்றியது. அதன் தொடக்கப் பக்கங்களிலேயே இந்த விஷயம் வந்துவிடுகிறது. ஒருவர் காலில் அடி விழப்போவதைப் பார்ப்பவர் தன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். கயிற்றின் மேல் ஆடுபவரைப் பார்க்கும் கூட்டம் தானும் நெளிந்து வளைந்து சமநிலை பிடிக்கிறது. தெருவில் கழைக்கூத்து பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லப் பேராசிரியர் தேவையில்லைதான். ஆனால் காரணத்தையும் அவர் சொன்னார்: கற்பனையில் நாம் அவர் இடத்தில் போய் நின்றுவிடுகிறோம்.

இதை அளந்து பார்க்க இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆனது. பிரேசில் ஆய்வாளர்கள் 2005ல் வெளியிட்ட சோதனையில், தன்னார்வலர்களைத் தட்டின் மேல் நிறுத்திப் படங்கள் காட்டினார்கள். சில மகிழ்ச்சியானவை, சில சாதாரணமானவை, சில சிதைந்த மனித உடல்கள். கொடூரமான படங்களைப் பார்க்கும்போது ஆட்டம் அதிகமாகும், தள்ளாடுவார்கள் என்றுதான் நாம் ஊகிப்போம். நடந்தது தலைகீழ். உடலின் அசைவு குறைந்தது. தசைகள் விறைத்தன. இதயத் துடிப்பும் மெதுவானது.

ஆபத்தை மோப்பம் பிடித்த முயல் ஓடுவதற்கு முன் ஒரு கணம் கல்லாக நிற்குமே, அந்தப் பழைய வழக்கத்தின் மிச்சம்தான் இது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். கொடூரம்கூடத் தேவையில்லை, கோபமான முகத்தைப் பார்த்தாலே உடல் இப்படி உறைகிறது என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று 2010ல் காட்டியது. வெளியே இருந்து பார்த்தால் செயலற்று நிற்பதுபோல் தெரியும். உள்ளே கவனம் கூர்மையாகி, அடுத்து என்ன செய்வது என்று உடல் காத்திருக்கிறது. சாலை விபத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தை ‘வேடிக்கை பார்க்கிறார்கள்’ என்று திட்டுவது நம் வழக்கம். அலைபேசியைத் தூக்கிப் படம் பிடிப்பவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் முதல் சில நொடிகள் சிலையாக நிற்பவரை ஈரமில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது.

இந்த விறைப்பு வேறு. ரத்தத்தையும் ஊசியையும் கண்டு மயங்கி விழுவது வேறு. மயங்குபவர்களிடம் பெரும்பாலும் முதலில் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறி, பிறகு இரண்டும் சட்டென்று இறங்குகின்றன. நிற்கும்போது ரத்தம் காலில் தேங்குவதால் மூளைக்குப் போவது குறைந்து, ஆள் சரிகிறார். முதல்முறை அறுவை சிகிச்சை பார்க்க வந்த மருத்துவ மாணவருக்கும் இது நேரும். வெட்கப்பட எதுவும் இல்லை. ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரான் ஊஸ்ட் 1980களில் இதற்கு எளிய பயிற்சி ஒன்றை வகுத்தார். கை, கால், உடல் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்கி, முகத்தில் சூடு ஏறியதும் தளர்த்தி, சற்றுப் பொறுத்து மறுபடி இறுக்க வேண்டும். அழுத்தம் கீழே இறங்காமல் இது தாங்கிப் பிடிக்கும்.

சரி, ஸ்மித்தின் கற்பனைக்கு வருவோம். பிரான்ஸில் 2013ல் வெளியான ஓர் ஆய்வில், வலி தரும் காட்சிகளின் படங்களை வெறுமனே பார்க்கச் சொன்னார்கள். பிறகு ‘அங்கே இருப்பது நீங்கள் என்று நினையுங்கள்’ என்றார்கள். படங்கள் ஒரே வகைதான். ஆனால் நினைக்கச் சொன்னபோது நிற்கும் உடல் தந்த பதில் மாறியது.

இத்தாலியில் 2005ல் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஒரு கையில் ஊசி ஆழமாக இறங்கும் படத்தைக் காட்டிக்கொண்டே, பார்ப்பவரின் மூளையைக் காந்தச் சுருளால் தூண்டி, அவருடைய கைத்தசை எவ்வளவு துடிக்கிறது என்று அளந்தார்கள். படத்தில் குத்துப்பட்ட அதே தசை பார்ப்பவரிடம் அடங்கியது. தக்காளியில் ஊசி இறங்கியபோது ஒன்றும் ஆகவில்லை.

இதுவரை கேட்டால் உடல் ஒரு மகான் போலத் தோன்றும். 2010ல் அதே குழுவினர் கறுப்பினத்தவரையும் வெள்ளையினத்தவரையும் அழைத்து இதே சோதனையைச் செய்தார்கள். தன் இனத்தவரின் கையில் ஊசி இறங்கியபோது தசை அடங்கியது. மற்ற இனத்தவரின் கை என்றால் அந்த அடக்கம் காணோம். மூன்றாவதாக ஊதா நிறம் பூசிய ஒரு கையையும் காட்டியிருந்தார்கள். உலகில் யாருக்கும் இல்லாத நிறம். அந்தக் கைக்காகவும் தசை அடங்கியது! அப்படியானால் தடுப்பது பழக்கமின்மை அல்ல, கற்றுக்கொண்ட பாகுபாடு. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது இதுதான். சாதி பார்க்கும் நாட்டில் யாராவது இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

உறவும் இப்படித்தான் கணக்கில் வருகிறது. ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிகே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் ஜூன் 23 இரவு தீ மிதிப்பார்கள், பெரும்பாலும் முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு. 2011ல் வெளியான ஆய்வு ஒன்று, மிதிப்பவர்களின் இதயத் துடிப்பையும் பார்ப்பவர்களின் துடிப்பையும் பதிவு செய்தது. உறவினர்கள், நண்பர்களின் துடிப்பு மிதிப்பவரின் துடிப்போடு சேர்ந்தே ஏறி இறங்கியது. வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் துடிப்பு அப்படிச் சேரவில்லை. இது இதயத்தின் கணக்கு, கணுக்காலின் கணக்கு அல்ல. இருந்தாலும் அந்த அரங்கில் எல்லோர் காலடியிலும் ஒரு தட்டு வைத்திருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

(அடுத்த வாரம்: ‘கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள்’ என்று நரம்பியல் மருத்துவர் ஏன் சொல்கிறார்?)