கரிசலில் தேறிய பருத்தி

சித்திரை வெயிலில் கயத்தாறிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் போனால் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்பில் கை முழங்கை வரை இறங்கும். ஈரம் காயக் காய இந்த மண் சுருங்கும். சுருங்கும்போது மேலாக ஓடும் சல்லிவேர்களை அறுத்துவிடும். இந்த மண்ணில் ஐப்பசி மழைக்கு விதைத்து, பிறகு பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாசி, பங்குனியில் எடுப்புக்கு வந்துவிடும் மானாவாரிப் பருத்தி ஒன்று உண்டு. அது கருங்கண்ணி.

அதன் ஆணிவேர் ஆழத்துக்கு இறங்கி அடிமண் ஈரத்தில் பிழைத்துக்கொள்ளும். ‘தண்ணீரைத் தேடி வேர் நீண்டது’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். எந்தச் செடியும் எதையும் தேடி மாறவில்லை. ஒரே காட்டில் முளைத்தவற்றில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே வேர் சற்று ஆழம். மழை பொய்த்த வருஷம் மற்றவை கருகின, இவை காய்த்தன. அடுத்த விதைப்புக்கு இவற்றின் கொட்டைதான் மிஞ்சியது. விதைக்கென்று நல்ல காயைப் பொறுக்கிய சம்சாரிக்கும் இதில் பங்குண்டு. 1901-ல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அதே பொறுக்கலைக் கணக்கு வைத்துச் செய்தது. நீள இழை கேட்ட மில்களுக்குக் கருங்கண்ணி சரிப்படவில்லை என்பது வேறு கதை.

செடிக்குப் பல நூறு தலைமுறையில் நடந்தது, இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு நம் கண்முன்னே நடந்தது. காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே சுரக்கும் பி.டி. பருத்திக்கு 2002-ல் அனுமதி கிடைத்தது. புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நஞ்சைத் தாங்கும் மரபணு தற்செயலாக வாய்த்த ஒன்றிரண்டு தப்பித்து, அந்துப்பூச்சியாகித் தங்களுக்குள் கூடின. சுமார் மாதத்துக்கொரு தலைமுறை! 2010-ல், குஜராத்தில் முதல் ரகம் இந்தப் புழுவிடம் பலிக்கவில்லை என்று விதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. இரண்டு நஞ்சு சேர்த்த அடுத்த ரகத்தையும் புழு சில வருஷங்களில் தாண்டிவிட்டது.

விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை தனியாக வந்தது இதைத் தடுக்கத்தான். அதை வரப்போரம் விதைத்தால் நஞ்சு தாங்காத புழுவும் பிழைக்கும். தாங்கும் அந்துப்பூச்சி அதோடு கூடினால் குஞ்சுகளில் பெரும்பாலானவை நஞ்சுக்குச் சாகும். ஆனால் புழு வளர்க்க எந்தச் சம்சாரி இடம் விடுவார்? பலர் விதைக்கவே இல்லை.

இந்தப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் வேறு தீனி அநேகமாகக் கிடையாது. செடி இல்லாத மாதங்களில் இரண்டு கொட்டைகளை நூலால் ஒட்டி உள்ளே சுருண்டு உறங்கும். தண்ணீர் பாய்ச்சி இன்னொரு எடுப்புக்காகச் செடியை விட்டுவைக்கும் ஊர்களில் அதற்கு உறங்கவே அவசியமில்லை. கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள் என்று வேளாண் துறையினர் சொல்லிக்கொண்டிருப்பது அதனால்தான்.