எறும்பு எங்கிருந்து வருகிறது?

மடத்துக்குளம் பக்கம் கரும்பு வெட்டுத் தொடங்கினால் காற்றிலேயே வெல்ல வாசம் ஏறிவிடும். அமராவதிப் பாசனத்தில் விளைந்த கரும்பு, தோட்டத்து ஆலைக்கொட்டகையில் பாகாகி, அச்சில் இறுகி, நெய்க்காரப்பட்டிச் சந்தைக்கு வண்டி ஏறுகிறது. இப்படிப்பட்ட ஊரில் எறும்பு வராத சமையல்கட்டு ஏது? மளிகைக் கடைக்குப் போய், "அண்ணா, எறும்பு மருந்து ஒண்ணு குடுங்க" என்றால் பவுடரோ சாக்பீஸோ உடனே கைக்கு வந்துவிடும். எந்த எறும்பு என்று கடைக்காரரும் கேட்பதில்லை, வாங்குகிறவரும் சொல்வதில்லை. என்ன காய்ச்சல் என்று பார்க்காமலேயே மாத்திரை விழுங்குவது போன்றதுதான் இது. மருந்து அடித்த வீட்டுக்கு எறும்பு சீக்கிரமே திரும்பி வருவதற்கும் இதுதான் முதல் காரணம்.

நம் வீடுகளில் அதிகம் நடமாடுபவை நான்கைந்து இனங்களே. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். நீண்ட கால்களுடன், ஒரு வழியில் நிலைக்காமல் அங்குமிங்கும் தலைதெறிக்க ஓடும் கறுத்த எறும்பு ஒன்று உண்டு. கடித்து வதைக்காது என்பதால் பிள்ளையார் எறும்பு என்று சொல்லி விட்டுவிடுகிறோமே, பெரும்பாலும் அதுதான். சர்க்கரை டப்பாவைச் சுற்றுவது இன்னொன்று. ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையும் மார்பும் கறுப்பு, வயிறும் கால்களும் வெளிறிக் கிடக்கும். வெள்ளை டைல்ஸில் கரும்புள்ளிகள் மட்டும் நகர்வதாகவே தோன்றும். விரலால் நசுக்கி முகர்ந்து பாருங்கள், ஊசிப்போன தேங்காய் நாற்றம் அடிக்கும். ஆய்வாளர்கள் இதைப் பேய் எறும்பு என்கிறார்கள்.

உடல் முழுக்க மங்கிய மஞ்சளாக, இரண்டு மில்லிமீட்டர் அளவில் இருப்பது பார்வோன் எறும்பு. எகிப்தில் கிடைத்ததை வைத்து 1758இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டிய இனம் இது. சுவர் வெடிப்பு, சுவிட்ச் போர்டு, மடித்து அடுக்கிய துணிகளின் இடுக்கு என எங்கே இளஞ்சூடு இருக்கிறதோ அங்கே குடியேறிவிடும். மருத்துவமனைகளுக்குள் புகுந்து புண்ணையும் கட்டுத்துணியையும் தேடிப் போகும் எறும்பாகவும் உலகம் முழுக்க அறியப்பட்டது.

வாசற்படி ஓரத்தில் மண்ணைப் பொடிப்பொடியாக வெளியே தள்ளியிருக்கிறதா? அங்கே ஊர்பவை ஒரே அளவில் இல்லாமல், சிறியவற்றுக்கு நடுவே பெரிய சதுரத் தலையோடு சில தெரிகின்றனவா? அது நெருப்பெறும்பு. வாயால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்பக்கக் கொடுக்கால் கொட்டும். வலியை உண்டாக்குவது அந்தக் கொடுக்குதான். ஒரு சிலருக்கு இந்த நஞ்சு ஒவ்வாமல் முகம் வீங்கும், மூச்சுத் திணறும். அப்படி நேர்ந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மழைக்காலத்து மாலையில் விளக்கைச் சுற்றும் இறக்கைப் பூச்சிகளையும் இங்கே பிரித்தறிய வேண்டும். இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கை போல மடங்கி, முன் இறக்கை பெரிதாகவும் பின் இறக்கை சிறிதாகவும் இருந்தால் எறும்பு. இடுப்பே தெரியாமல், நான்கு இறக்கையும் ஒரே அளவில் இருந்தால் ஈசல், அதாவது கறையான். கறையான் எறும்பினமே கிடையாது, கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய சொந்தம். அதற்கு வைத்தியமும் வேறு.

இப்போது மருந்துக்கு வருவோம். சுவரில் நாம் பார்க்கும் வரிசை, கூட்டின் சிறு பங்குதான். இரை தேட வெளியே வருபவை பெரும்பாலும் வயது முதிர்ந்த வேலைக்கார எறும்புகள். ராணியும் முட்டைகளும் புழுக்களும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. ஸ்ப்ரே அடித்தால் வரிசை சாகும், கூடு சாகாது. பார்வோன் எறும்பில் நிலைமை இன்னும் மோசம். ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். ஆபத்து என்று உணர்ந்ததும் சிறு கூட்டங்களாகப் பிரிந்து, புழுக்களைத் தூக்கிக்கொண்டு வேறு இடுக்குகளுக்குக் குடிபெயரும். ஒரு கூட்டை ஒழிக்கப் போய், வீடு முழுக்க நான்கைந்து கூடுகளை நாமே உண்டாக்கிவிடுகிறோம்.

வேலைக்கார எறும்பால் திட உணவை விழுங்க முடியாது. திரவத்தைத்தான் குடிக்கும். குடித்ததை வயிற்றிலுள்ள தனிப் பையில் சேர்த்துக்கொண்டு, கூட்டுக்குப் போய் வாயோடு வாய் வைத்து மற்றவற்றுக்குப் பங்கிடும். திடமான துணுக்குகளைப் புழுக்களிடம் சேர்க்கும். இந்தப் பங்கீடு ராணி வரை போகிறது. ஆகவே, மெதுவாகக் கொல்லும் நஞ்சை உணவில் மிகக் குறைவாகக் கலந்து வைத்தால், எறும்புகளே அதைக் கூட்டின் அடிவரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

மருந்துக்கடையில் கிடைக்கும் போரிக் ஆசிட் பவுடர் இதற்குப் போதும். 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பஞ்சில் நனைத்து, பாட்டில் மூடியில் வைத்து வரிசையின் ஓரத்தில் விட்டுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் போட்டால் சீக்கிரம் சாகுமே என்று அளவைக் கூட்டினால் காரியம் கெடும். கூட்டுக்குப் போய்ச் சேரும் முன்பே எறும்பு சாகும், அல்லது அந்தப் பக்கமே வராது. முதல் இரண்டு நாள் எறும்பு கூடுதலாக மொய்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். பஞ்சு காயாமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு வாரத்தில் வரிசை மெலியும். போரிக் ஆசிட்டும் நஞ்சுதான். குழந்தையோ நாயோ தொட முடியாதபடி, துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து மூட வேண்டும்.

எல்லா எறும்புக்கும் சர்க்கரை பிடிக்காது. மாலையில் ஒரு காகிதத் துண்டில் வெல்லப்பாகு ஒரு சொட்டு, எண்ணெய் விட்டு அரைத்த நிலக்கடலை கொஞ்சம், கருவாட்டுத் துணுக்கு ஒன்று என மூன்றையும் வைத்து, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பேய் எறும்பு பெரும்பாலும் பாகுக்கு வரும். நெருப்பெறும்பு கடலையிலும் கருவாட்டிலும் மொய்க்கும். எதில் கூட்டம் கூடுகிறதோ அதில் மருந்தைக் கலக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் எறும்பு குறையவில்லை என்றால் வீட்டுக்கு வெளியே பார்க்க வேண்டும், சரியாகச் சொன்னால் அண்ணாந்து பார்க்க வேண்டும். 2016இல் பொள்ளாச்சியில் முதன்முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ, தென்னை நிற்கும் ஊர்களுக்கெல்லாம் பரவிவிட்டது. அது ஓலையின் அடியில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவைச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தேன்கழிவு கீழ் ஓலையிலும், வாழையிலும், மொட்டைமாடியிலும் பிசுபிசுவென்று படிகிறது. பிறகு அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. எறும்புக்கு இதைவிடப் பெரிய அன்னசத்திரம் கிடையாது. வாசலில் நிற்கும் செம்பருத்தியின் கொழுந்தில் மாவுப்பூச்சி இருந்தாலும் இதே கதைதான். தேன்கழிவைக் குடிக்கும் எறும்பு, கொடுக்கும் பூச்சிக்குக் காவலும் இருக்கிறது. அதைத் தின்ன வரும் பொறிவண்டையும், அதனுள் முட்டையிட வரும் சிறு குளவியையும் விரட்டுகிறது.

இந்தக் காவலின் விலையை உழவர்கள் அறிவார்கள். 2008இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, கொங்குப் பகுதியில் பப்பாளியையும் மரவள்ளியையும் பட்டுப்புழு வளர்க்கும் மல்பெரித் தோட்டங்களையும் உலுக்கி எடுத்தது. எத்தனை மருந்தடித்தும் அடங்காத அந்தப் பூச்சியை அடக்கியது, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்துப் பரப்பப்பட்ட மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. அது போன்ற குளவிகள் வேலை செய்ய வேண்டுமானால் செடியில் எறும்பு ஏறக் கூடாது. தண்டில் துணிப்பட்டையைக் கட்டி அதன்மேல் கிரீஸ் தடவலாம். கூரையைத் தொடும் கிளைகளை வெட்டலாம். செம்பருத்திக் கொழுந்தைச் சோப்புத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவலாம். பல வீடுகளில் அடுக்களை எறும்பு இதிலேயே அடங்கிவிடும்.

எறும்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பழனி, திண்டுக்கல் தாண்டினால் நத்தம். அங்கே கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022இல் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடுமாடுகளின் கண்களில் ஏறியது. இந்த எறும்பு கொட்டாது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். கால்நடைகள் பார்வை இழந்தன, மேய்ச்சலுக்குப் போகவே மக்கள் அஞ்சினார்கள். இதே இனம் இந்தியப் பெருங்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கும் மேற்பட்ட செந்நண்டுகளைக் கொன்றது. ஹெலிகாப்டரில் மருந்து கலந்த இரை தூவியும் நிலையான தீர்வு வரவில்லை. எறும்புக்குத் தேன்கழிவு கொடுத்துவந்த செதில் பூச்சியைக் குறிவைத்து, மலேசியாவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் குளவியைக் கொண்டுவந்து 2016 இறுதியில் அங்கே விட்டார்கள். எறும்பை அடக்க அதன் சோற்றில் கைவைக்க வேண்டும் என்பதை ஒரு நாடு காடளவில் செய்து பார்த்தது. நம் வாசல் செம்பருத்திக்கும் அதே கணக்குதான்.

பழைய பழக்கம் ஒன்றைக் கட்டாயம் கைவிட வேண்டும். அரிசி மூட்டையைச் சுற்றிக் காமாக்சின் தூவிய தலைமுறை நம்முடையது. அந்த பி.எச்.சி. நஞ்சை 1997இலேயே இந்தியா தடை செய்துவிட்டது. இன்றைய எறும்புச் சாக்பீஸிலும் பூச்சிக்கொல்லிதான் இருக்கிறது. பள்ளிச் சாக்பீஸ் மாதிரியே இருப்பதால் குழந்தைகள் எடுத்து வாயில் வைக்கிறார்கள். சமையல் மேடையில் அதால் கோடு இழுக்காதீர்கள். வரிசை வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தாலே அவை விட்டுச்சென்ற வாசனைத் தடம் அழிந்து, எறும்பு வழி தவறிவிடும். அதோடு சுவர் வெடிப்பைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள்.

மாமரத்து முசுற்றையும் தோட்டத்துக் கட்டெறும்பையும் விட்டுவிடுங்கள். முசுறு மரத்துப் புழுக்களைத் தின்கிறது, கறையானுக்கு முதல் எதிரியே எறும்பினம்தான். வீட்டுக்குள் வருவதை மட்டும் கவனித்தால் போதும். அடுத்த முறை கடையில் மருந்து கேட்கும் முன், ஒரு பத்து நிமிடம் அந்த வரிசையின் பின்னாலேயே போய், அது எந்த இடுக்கில் நுழைகிறது, எந்தச் செடியில் ஏறுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.