அம்மையா... கொசுக்கடியா?

திங்கட்கிழமை காலை. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

"என்னங்க, பாப்பா வயித்துல சிவப்பா ஏதோ இருக்கே..." என்றாள் மனைவி.

"கொசு கடிச்சிருக்கும்!" சொல்லிவிட்டு ஓடினேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் முதுகு, முகம், தலைமுடிக்குள் என்று அந்தக் 'கொசு' ஓர் இடம் பாக்கி வைக்கவில்லை. ஒவ்வொன்றிலும் நீர் கோத்த முத்து. வாசலில் அம்மா வேப்பிலை செருகியிருந்தார்.

"ஆத்தா வந்திருக்காடா. டாக்டர், மருந்துன்னு போனே... கோவிச்சுக்குவா!"

எனக்கும் உள்ளூர சந்தோஷம்தான். டாக்டர் ஃபீஸ் மிச்சம்!

புதன் ராத்திரி அந்தச் சந்தோஷம் பறந்தது. நாலு வயசுக் குழந்தை, வாய்க்குள்ளும் கொப்புளம். டம்ளரைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். "காலையிலேர்ந்து ஒண்ணுக்கே போகலைங்க" என்று மனைவி சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, உடனே மூடிக்கொண்டாள். பிடித்தேன் ஆட்டோவை.

டாக்டரம்மா டிரிப்ஸ் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். "வேப்பிலை வாசல்லயே இருக்கட்டும். அதுக்கும் எனக்கும் சண்டை இல்லே. தண்ணி குடிக்காத குழந்தையை வீட்டுலயே வெச்சிருந்தீங்களே, அதுதான் தப்பு."

விடியற்காலையில், "அப்பா... மோரு" என்று குரல் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

பிறகு டாக்டரம்மா எனக்குப் பாடம் எடுத்தார். "பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிஞ்சுதுன்னு 1980-லயே அறிவிச்சாச்சு. மிச்சம் இருக்கறதை எல்லாம் 'அம்மை'ன்னு ஒரே பேர்ல கூப்பிடாதீங்க. எங்கே, எப்படி வருதுன்னு பாருங்க."

சின்னம்மை: சிவப்புப் புள்ளி நீர்க் கொப்புளமாகி, பிறகு பொருக்குத் தட்டும். ஒரே நேரத்தில் மூன்று ரகமும் உடம்பில் இருக்கும். அரிப்பு உயிரை வாங்கும்.

தட்டம்மை: முதலில் கடும் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்கள். சில நாள் கழித்து முகத்திலும் காதுக்குப் பின்னாலும் தடிப்பு தோன்றிக் கீழே இறங்கும். நுரையீரலையும் கண்ணையும்கூடப் பாதிக்கலாம். இதற்கு டாக்டர் வைட்டமின் ஏ கொடுப்பார். 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு தடுப்பூசி, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். போட்டாச்சா?

கை-கால்-வாய் நோய்: பெயரிலேயே விலாசம்! உள்ளங்கை, உள்ளங்கால், வாய். பெரும்பாலும் பத்து நாளில் தானே போய்விடும்.

மூன்றுமே வைரஸ் வேலை. ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. எடைக்கு ஏற்ற அளவு பாராசிட்டமால், அரிப்புக்குக் காலமைன் லோஷன், ஒட்ட வெட்டிய நகம், ஸ்பூன் ஸ்பூனாக இளநீர், மோர், கஞ்சி... இவைதான் வைத்தியம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம். ஆஸ்பிரின் மட்டும் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து உண்டு.

குடிக்க மறுத்தால், மூச்சு வாங்கினால், துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால், வலிப்பு வந்தால், கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் தடிப்பின் சிவப்பு மறையாவிட்டால்... நல்ல நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கடைசியாக டாக்டரம்மா கேட்டார்: "உங்களுக்குச் சின்னம்மை வந்திருக்கா?"

"இல்லையே டாக்டர்."

"பெரியவங்களுக்கு வந்தா கடுமையா இருக்கும். கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள்ள வந்துடுங்க, மாத்திரை இருக்கு. கர்ப்பிணிகள் பக்கமே போகாதீங்க."

சரியாகப் பதினைந்தாம் நாள். ஷேவ் செய்யும்போது கன்னத்தில் ஒரு முத்து!

அரை நாள் லீவு கேட்டாலே அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்யும் எங்கள் மேனேஜர், போனில் 'அம்மை' என்று கேட்டதும், "பொருக்கெல்லாம் உதிர்ந்தப்புறம் வாங்க சார், அவசரமே இல்லே!" என்று உருகிவிட்டார்.

இப்போது மாத்திரையோடு படுத்திருக்கிறேன். பக்கத்தில் வேப்பங்கொத்தும் கையுமாக என் மகள். என் கை லேசாக முதுகுப் பக்கம் போனால் போதும், அதட்டல் வருகிறது:

"அப்பா... சொறியக்கூடாது!"