கூலிக்குக் கொல்பவனும் கூலி கொடுப்பவனும்

செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட நாட்டில், தேசூருக்கு அருகே சீயமங்கலம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து சிவபெருமானுக்கு ஆலயம் அமைத்தவன் ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். 'லளிதாங்குரன்' என்ற விருதுப் பெயர் பூண்ட அரசன் 'அவனிபாஜன பல்லவேச்சுரம்' என்னும் இக்கோயிலைச் செய்வித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டுக் கூறுகிறது.

கல்லைக் குடைந்த அவ்வரசன் எழுதுகோலையும் பிடித்தவன். அவன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நாடகத்தின் கதாநாயகன் வீரனும் அல்லன், மந்திரியும் அல்லன். குடிவெறியில் தள்ளாடும் ஒரு காபாலிகன். காணாமற்போன அவனுடைய கபாலத்தைத் திருடியவர் யார் என்பதே கதை. பழி சுமத்தப்பட்ட பௌத்த பிக்ஷு, விகாரங்களின் வருமானத்தைக் கொண்டு நியாயஸ்தலத்தாரின் வாயை அடைத்துவிடுவான் என்று காபாலிகனின் துணைவி அஞ்சுகிறாள். சிம்மாசனத்தில் அமர்ந்திருந்தவனே தன் நியாயஸ்தலத்தின் பலவீனத்தை இவ்வாறு அம்பலத்தில் ஏற்றினான். இழிந்த மாந்தரைக் கதாநாயகராக்குவது நம் நாட்டிற்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இதனை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. பணத்திற்காக மனிதரைக் கொல்பவனைக் கதாநாயகனாக வைத்து எழுதும் நாவல்களும் எடுக்கும் படங்களும் இந்நாளில் பெருகிவிட்டன. வாலிபர் மனம் இவற்றால் கெடும் என்று பெரியோர் பலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தை நாம் புறக்கணிக்கவில்லை. ஆயினும் கதையின் தராதரத்தை நாயகன் யார் என்பது நிர்ணயிப்பதில்லை. கொன்ற கையைக் காட்டுவதோடு கதை நின்றுவிடுகிறதா, அன்றி அக்கைக்குக் கூலி கொடுத்தவன் வரை நம்மை அழைத்துச் செல்கிறதா என்பதே உரைகல்.

மேனாட்டு நாவல்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கில ஆசிரியர் கிரஹாம் கிரீன் 1936இல் வெளியிட்ட 'எ கன் ஃபார் ஸேல்' என்னும் நாவலில், ரேவன் என்பவன் கூலிக்கு ஒரு யுத்த மந்திரியைச் சுட்டுக் கொல்கிறான். அவனுக்குக் கிடைத்த கூலியோ திருட்டு நோட்டுகள். வஞ்சிக்கப்பட்டவன் தன்னை ஏவியவரைத் தேடிப் புறப்படுகிறான். யுத்தம் மூண்டால் லாபம் குவியும் என்று காத்திருக்கும் எஃகு முதலாளியிடம் அத்தேட்டம் சென்று முடிகிறது. பிரெடெரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' வேறு வகை. பிரெஞ்சு ஜனாதிபதி டி கால் அவர்களைக் கொல்ல ஐந்து லட்சம் டாலருக்கு ஒருவன் அமர்த்தப்படுகிறான். அவன் துப்பாக்கி செய்விக்கும் நுட்பத்தையும், பொய்ப் பெயரில் பாஸ்போர்ட் பெறும் சாமர்த்தியத்தையும் படிக்கையில், இவன் எண்ணம் ஈடேறிவிடக் கூடாதா என்று நம் நெஞ்சே ஒரு கணம் தடுமாறுகிறது! அங்கேதான் அபாயம் இருக்கிறது. முன்னது நமக்குக் கண்ணைத் திறக்கிறது. பின்னது கைத்திறனைக் காட்டி நம்மை மயக்குகிறது.

தமிழில் இத்துறை துப்பறிவோரைக் கொண்டே தொடங்கியது. ஜே. ஆர். ரங்கராஜு அவர்களின் துப்பறியும் கோவிந்தனும், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரும் நம் பாட்டனாரின் உறக்கத்தைக் கெடுத்தவர்கள். குற்றவாளி அகப்பட்டால் அக்கதைகள் முடிந்துவிடும். அவன் ஏன் அவ்வாறு ஆனான் என்று கேட்கும் வழக்கம் பிற்காலத்தது. 2006இல் விஷ்ணுவர்தன் எடுத்த 'பட்டியல்' படத்தில் அநாதைகளாக வளர்ந்த இருவர் தரகன் ஒருவன் சொற்படி கொலை செய்து பிழைக்கின்றனர். 2013இல் மிஷ்கின் எடுத்த 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தின் நாயகன், தவறுதலாகக் கொன்றுவிட்ட ஒருவனின் பார்வையற்ற குடும்பத்தைக் காப்பதையே பிராயச்சித்தமாகக் கொள்கிறான்.

ஆயினும் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது 2008இல் சசிகுமார் எடுத்த 'சுப்பிரமணியபுரம்'. 1980ஆம் ஆண்டு மதுரையில் நிகழ்வதாக அமைந்தது அக்கதை. கட்சிப் பதவி கைநழுவிப் போன ஒரு குடும்பத்திற்காக, வேலையற்ற வாலிபர் போட்டியாளரைக் கொல்கின்றனர். அவர்கள் பெற்ற கூலி பணங்கூட அன்று; பழகிய வீடு, உண்ட சோறு, 'நம்ம பிள்ளைகள்' என்ற ஒரு சொல். சிறை புகுந்த பிறகு, ஏவிவிட்டவன் அவர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இது கதை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா?

ஏவியவனின் முகம் மறைந்துபோவது சரித்திரத்திலும் காணக்கூடியதே. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டான். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் உள்ள முதலாம் இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களும் சுற்றத்தாரும் உடைமை இழந்ததைத் தெரிவிக்கிறது. அவர்களுக்குப் பின்னால் எவரேனும் இருந்தனரா என்பதைப் பற்றிக் கல் வாய் திறக்கவில்லை. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வன்' அந்த மௌனத்திலிருந்து எழுந்த சிருஷ்டியேயாகும்.

நியாயஸ்தலத்திற்கும் இவ்விஷயத்தில் இடர்ப்பாடு உண்டு. ஏவியவனுக்கும் செய்தவனுக்கும் ஒரே தண்டனை என்பது 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே அமைந்த விதி. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆவது பிரிவோ, கூலிக்குக் கொல்வதைத் திட்டமிட்ட குற்றங்களுள் ஒன்றாகப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆயினும் சட்டத்திற்குச் சாட்சி வேண்டும். 1944 நவம்பரில் சென்னையில் பத்திரிகாசிரியர் லட்சுமிகாந்தன் குத்துண்டு இறந்தார். சதி செய்ததாகத் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டனர், வழக்குப் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1947இல் இருவரும் விடுதலையாயினர். அவர்கள் இழந்த காலத்தை யார் திருப்பித் தந்தார்? உண்மையில் அக்கொலைக்குப் பின்னின்றவர் யார் என்பது இன்றளவும் துலங்கவில்லை. சந்தேகத்தைக் கொண்டு எவரையும் தண்டித்தல் தகாது. ஆனால் பேரம் நடக்கும் மூடிய அறைக்குள் கற்பனை நுழையலாம். எவர் பெயரையும் கெடுக்காமல், அப்பேரம் எவ்வாறு நடக்கிறது என்று ஜனங்களுக்குக் காட்டலாம். கதாசிரியனுக்கு உள்ள உரிமையும் கடமையும் அதுவே.

பொதுவாழ்வில் ஈடுபட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கூலிக் கொலைஞனைப் பற்றிய கதை நமக்குத் தொலைவில் இருப்பதன்று. கொடி கட்டவும் கோஷம் எழுப்பவும் நம்மைச் சூழும் வாலிபரில் வேலையற்றவர் எத்தனை பேர்? நம் சொல்லுக்காக எதையும் செய்வேன் என்று ஒருவன் முன்வருகையில் நாம் அகமகிழ்கிறோமா, அஞ்சுகிறோமா? அகமகிழ்வோமாயின் பேரத்தின் முதற்படியில் நாமே கால் வைத்துவிட்டோம். அவனுக்குத் தொழிலும் மதிப்பும் தேடித் தருவது நம் கடமை. அவன் நன்றியைக் கத்தியாகத் தீட்டுவது மகாபாதகம்.

தன் நியாயஸ்தலத்தின் குறையைத் தானே எழுதிய மன்னனின் குகைக்கோயில் சீயமங்கலத்தில் இன்றும் நிற்கிறது. முடியரசனுக்கு இருந்த அந்தத் துணிவு, குடியரசில் பதவி வகிப்போருக்கும் வகிக்க விரும்புவோருக்கும் இல்லாமற் போகலாகுமோ?