கொத்தும் கொப்பியும்

வெலிமடைக் கடைத்தெருவிற் கிலோக் கணக்கில் அரிசி வாங்கும் இன்றைய மாணவர்க்குக் கொத்து என்றாலும் சுண்டு என்றாலும் விளங்குவது அரிது. அச்சொற்களோடு ஒரு வாணிப முறையே மறைந்துவிட்டது. அதனை நேரிற் கண்டவர் எம்முட் சிலரே எஞ்சியிருத்தலின், இம்மலரில் எழுதிவைத்தல் தகும்.

அக்காலத்தில் அரிசியை முகந்தே விற்றனர். நான்கு சுண்டு ஒரு கொத்து. 32 கொத்து ஒரு புசல். வாய் மடித்த சாக்கிலிருந்து முகந்து, கோலினால் தலைதட்டி அளப்பர். கொத்தைக் குலுக்கி நிரப்பினாற் சற்று மிகுதியாகக் கொள்ளும். குலுக்காது நிரப்பினாற் குறையும். கடைக்காரரின் குணத்தை எங்கள் தாய்மார் அந்தக் குலுக்கலிலேயே அறிந்துகொண்டனர். பருப்பும் சீனியும் மிளகாயும் இறாத்தல், அவுன்ஸ் நிறையில். மாசிக் கருவாடு பெரும்பாலும் இரண்டு அவுன்ஸ். தேங்காயெண்ணெய்க்கு நாமே போத்தல் கொண்டுசெல்ல வேண்டும். மற்றவை பழைய செய்தித்தாட் சுருள்களில் வரும். அச்சுருள்களைப் பிரித்து எழுத்துக் கூட்டப் பழகியோர் எம்மிற் பலர், ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக. 1970களில் மெட்ரிக் அளவை வந்த பின்னும் 450 கிராம் பாணை நம்மவர் 'ஒரு இறாத்தல்' என்றே கேட்கின்றனர்.

தோட்டங்களில் அரிசியைத் தோட்டமே வழங்கிற்று. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வகுத்த குறைந்த கூலி, புசல் அரிசி ரூபா 4.80, அதாவது கொத்து 15 சதம், என்னும் விலையைக் கொண்டது. அவ்விலை கூலியிற் கழிக்கப்படும். ஆகவே கடைக்கு எஞ்சியவை உப்பு, புளி, கருவாடு, வெற்றிலை முதலிய சில்லறைகளே. சில்லறைக் கடை என்பது பொருத்தமான பெயர்தான். 1942இற் பங்கீடு வந்ததும் கூப்பன் புத்தகம் வந்தது. 1953இற் பங்கீட்டரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர, ஆகஸ்ட் 12ஆந் திகதி ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

இவ்வளவுக்கும் அடியில் இருந்தது கொப்பி. மாதம் முழுதும் பற்று எழுதி, சம்பள நாளில் அடைப்பர். கடனுக்கு வாங்குபவர் விலை பேசுவதில்லை, பேசவும் இயலாது. ஆயினும் நோயும் மழையும் வேலையைக் கெடுத்த மாதங்களில் உலை எரிந்தது அக்கொப்பியினாலேயே. அதனைச் சுரண்டல் என்று மட்டும் கூறிவிட என் மனம் ஒருப்படவில்லை.

1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தாருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. புறப்படுமுன் கொப்பியை அடைத்தல் மானப் பிரச்சினை. எங்கள் லயத்து அயலவர் ஒருவர் பித்தளை அண்டாவை விற்றுக் கடன் தீர்க்க வந்தபோது நான் அக்கடையில் நின்றேன். இன்னும் ஆறு ரூபா குறைந்தது. கடைக்காரர் அக்கணக்கின் மேற் கோடிழுத்துவிட்டு, பிள்ளைகளுக்கென அரை இறாத்தல் பிஸ்கட்டைக் கட்டிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு தலைமன்னாரில் அவரும் கப்பலேறினார்.