ஏரிக்கரையில் ஒரு நாள்

உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லியில் குடியேறியுள்ள நம்மில் பலருக்கு இந்நகரம் என்பது அலுவலகம், கடைத்தெரு, கோயில் என்ற மூன்று இடங்களில் அடங்கிவிடுகிறது. வயலும் ஏரியும் கண்ணிற்படுவது கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்படும் ரயிலிலிருந்துதான். இருபது ஆண்டுகள் இங்கு வாழ்ந்தும், இம்மண்ணில் எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பறவை எப்போது வரும் என்பதை அறியாமலே ஓய்வு பெற்றுத் திரும்புவோர் உண்டு. இதனால் நமக்கு ஏற்படும் இழப்பைக் காட்டிலும், இங்கேயே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு ஏற்படும் இழப்பு பெரிது. தாத்தாவின் ஊர் அவர்களுக்கு விடுமுறைக்கான ஊர். தில்லியோ பள்ளிக்கூடம் இருக்கும் ஊர். தம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு மரமும் நீர்நிலையும் அவர்களுக்கு இரண்டிடத்திலும் இல்லாமற் போகின்றன.

இக்குறையை ஒரு நாட் பயணத்தால் ஓரளவு போக்கிக்கொள்ளலாம். தில்லியிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், ஹரியானா மாநிலத்துக் குருகிராம் மாவட்டத்தில் இருக்கிறது சுல்தான்பூர் தேசியப் பூங்கா. குருகிராம் வரை மெட்ரோ ரயிலிற் சென்று, அங்கிருந்து ஃபரூக்நகர் செல்லும் சாலையில் வாடகை வண்டி அமர்த்திக்கொண்டால் போதும்.

இவ்வேரியின் வரலாறு சுவையானது. இப்பகுதிக் கிணற்று நீர் உவர்ப்பானது. ஒரு காலத்தில் அதைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். அத்தொழில் நலிந்த பின்னர், மழைநீர் தேங்கிய பள்ளமே பறவைகளின் புகலிடமாயிற்று. அருகில், சாகிபி ஆற்று வெள்ளம் பரவி நின்ற நஜஃப்கர் ஏரி, 1960களில் வடிகால் அகலப்படுத்தப்பட்டதும் பெரும்பாலும் வற்றிவிட்டது. எஞ்சிய நீர்நிலைகளின் அருமை அதன் பிறகே பலருக்கும் புலப்பட்டது. சுல்தான்பூரைக் காக்க வேண்டுமென்று பீட்டர் ஜாக்ஸன் என்ற பறவை ஆர்வலர், அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் அது பறவைகள் சரணாலயமாகவும், 1991இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 2021இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் பட்டியலிலும் இடம்பெற்றது. இதன் பரப்போ 1.42 சதுர கிலோமீட்டர் மட்டுமே!

இச்சிறிய இடத்தை நாடி எவ்வளவு தொலைவிலிருந்து விருந்தினர் வருகின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மங்கோலியா, திபெத்து முதலிய வடபுலங்களில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து, இரை கிடைக்காமற் போகிறது. ஆகவே ஐப்பசி தொடங்கி அங்குள்ள நீர்ப்பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. தலையின் பின்புறம் இரு கரிய பட்டைகளையுடைய வரித்தலை வாத்து அவற்றுள் தலையாயது. இமயத்தைக் கடந்து வரும் இப்பறவை, 7,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திற் பறந்தது பதிவாகியிருக்கிறது. மெல்லிய காற்றிலும் பிராணவாயுவை நன்கு பற்றிக்கொள்ளும் இரத்தமும், பெரிய நுரையீரலும் அதற்கு வாய்த்துள்ளன. காற்று குளிர்ந்து அடர்த்தியாயிருக்கும் இரவிலும் விடியலிலுமே அது பெரும்பாலும் மலையைக் கடக்கிறது.

இதே இனத்து வாத்துகள் நம் திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்திற்கும் வருகின்றன என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். மஞ்சள் மூக்கு நாரையையும் வேடந்தாங்கலிற் கண்டிருப்போம். இங்கே அது ஏரித் திட்டுகளிலுள்ள கருவேல மரங்களிற் கூடு கட்டுகிறது. அம்மரத்தை இவ்வூரார் கீக்கர் என்பர். நம் வேம்பு இவர்களுக்கு நீம். பெயர்தான் வேறு, நிழல் ஒன்றே. ஆனால் சாரசக் கொக்கைத் தமிழ்நாட்டில் காண்பதற்கில்லை. பறக்கும் பறவைகள் யாவற்றினும் உயரமான அது, ஏறத்தாழ ஆறடி உயரம் நிற்கும். இணைபிரியாது வாழும் பறவை என்று வடநாட்டார் அதனைப் போற்றுவர். அதனையும், புதரோரம் மேயும் நீல்காய் என்னும் பெரிய மானினத்தையும் காண வாய்ப்புக் கிட்டினால், வடக்கே வாழ்வதன் பயன் ஒன்றைப் பெற்றவர்களாவோம்.

இப்பயணத்தைத் தனியே செய்வதினும் நண்பர் குழுவாகச் செய்வதே நன்று. தமிழ்க் குடும்பங்கள் மட்டுமே சேர்ந்து செல்லாமல், அடுத்த வீட்டுப் பஞ்சாபியரையும் வங்காளியரையும் அழைத்துச் செல்லலாம். ஊர்க்காரர் சொல்லும் மரப்பெயரும் பறவைப்பெயரும் நமக்குக் கிடைக்கும். நம் புளியோதரையும் தயிர்சாதமும் அவர்களுடைய பராட்டாவோடு இடம் மாறும். பல்லாண்டுகள் மாடிப்படியில் தலையசைத்ததோடு நின்றுபோன பழக்கம், ஒரு பகற்பொழுதில் நட்பாக முதிர்வதுண்டு.

கார்த்திகையும் மாசியும் ஏற்ற காலம். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைப் பனிமூட்டம் சாலையில் ஆபத்தானது. ஏரியும் கண்ணுக்குத் தெரியாது. அம்மாதங்களில் செல்வோர் வெயில் ஏறிய பின் புறப்படுதல் நலம். செவ்வாய்க்கிழமை பூங்காவிற்கு விடுமுறை. கோடையிலும் மழைக்காலத்திலும் இனப்பெருக்கத்தை முன்னிட்டுப் பூங்காவை மூடுவது வழக்கமாதலால், முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். குடிநீர், கம்பளி உடை, ஒரு பைனாக்குலர், பறவைப் படங்கள் உள்ள ஒரு புத்தகம் ஆகியவை உடனிருக்கட்டும். பகட்டான நிற உடைகள் வேண்டா.

ஏரிக்கரையில் உரக்கப் பேசுதலும், கல்லெறிதலும், பறவைகளுக்குத் தின்பண்டம் இடுதலும் தகா. பலநூறு கல் பறந்து வந்து இளைப்பாறும் பறவையை ஒருமுறை வெருட்டி எழுப்பினாலும், திரும்பும் பயணத்திற்காக அது சேமித்த வலிமை வீணாகிறது. கொண்டுசென்ற இலையும் தாளும் நம்மோடே திரும்ப வேண்டும். கால்வாய் நீரால் நிரப்பிக் காக்கப்படும் இவ்வேரியைச் சுற்றி நகரம் நாளும் வளர்ந்து வருகிறது. இதன் அருமையை அறிந்த மக்கள் பெருகினாலன்றி இது நிலைத்திராது. அம்மக்களுள் நாமும் அடங்குவோம்.

குழந்தைகளிடம் ஒரு குறிப்பேடு கொடுத்து, கண்ட பறவைகளின் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதச் செய்யலாம். அடுத்த ஐப்பசியில் வாத்துகள் வந்துவிட்டனவா என்று அவர்களே கேட்பார்கள். அந்நாளில் தில்லியும் அவர்களுக்குச் சொந்த ஊராகத் தொடங்கியிருக்கும்.